வீட்டுக்காரர் உதவித்தொகை

அம்மா கல்லூரியில் சேரப் போவதாகச் சொன்னபோது அப்பா பாதி முகம் சவரம் செய்திருந்தார். மீதிப் பாதியில் நுரை அப்படியே இருந்தது.

"காலேஜா? நீயா?"

"ஏன், நான் போகக் கூடாதா?"

"யாரு கூடாதுன்னா? தாராளமாப் போ. இந்த எக்ஸ்ரே ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்காதேன்னு நான்தானே சொல்லிட்டிருக்கேன். என்ன படிக்கப் போற?"

அம்மா அடுப்பைச் சின்னதாக வைத்தாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் இறையியல் கல்லூரி இருக்குல்ல, அங்க."

சவரக்கத்தி நின்றது. அப்பா கண்ணாடி வழியாகவே அம்மாவைப் பார்த்தார். சமையலறைக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவே ஒரு கதவுகூட இல்லாத வீடு எங்களுடையது. நான் வாசல் பக்கம் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். இதை விட்டுவிட்டு யார் போவார்கள்?

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் என்ன வேடிக்கை என்று புரியும். அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு மைக்செட் என்று பெயர். தொழிற்சங்கக் கூட்டத்தில் கரண்ட் போனால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், அப்பா மட்டும் அப்போதுதான் எழுந்து பேசவே தொடங்குவார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்தில் பக்கத்து வண்டிக்காரரிடமும் அதைச் சொல்லிவிட்டுப் போகிறவர் எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான்.

அம்மாவுக்கு நம்பிக்கை உண்டு. சத்தமில்லாத நம்பிக்கை. வாரம் ஒருநாள் அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். வழிபாடு முடியும்வரை எதிர்க்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சின்ன வயதில் நான் இரண்டு இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பாட்டு நன்றாக இருக்கும். வெளியே பிஸ்கட் கிடைக்கும்.

அப்பா நுரையைக்கூடத் துடைக்காமல் சமையலறைப் பக்கம் வந்தார். "திடீர்னு என்ன இது?"

"திடீர்னு இல்ல. ரொம்ப நாளா மனசுல கெடக்குது." அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் ஒருத்தர் ஸ்கேன் எடுக்க வந்தாரு. எடுத்து முடிச்சாச்சு. மேசையை விட்டு எறங்க மாட்டேங்கறாரு. 'கொஞ்ச நேரம் கூட இருக்கீங்களாம்மா'ன்னு கேட்டாரு. வெளிய வரிசை நிக்குது. மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தா, தண்ணி மிஷின் பக்கத்துல தனியா நிக்கிறாரு. சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டிருக்காரு. போய்ச் சரியாப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது."

மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாள் முழுக்க ஊரார் நெஞ்சுக்குள்ளே பார்க்கிற வேலை அம்மாவுக்கு. பார்த்ததைப் பற்றிப் பேச அவளுக்கு அனுமதி இல்லை, நேரமும் இல்லை. அதே ஆஸ்பத்திரியில் நோயாளர் துணை என்று ஒரு வேலை இருந்தது. பயந்துபோய் இருக்கிறவர்களோடும், அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிற வேலை. கட்டடம் முழுமைக்கும் இரண்டே பேர். அதில் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த வேலைக்குத் தேவையான டிப்ளமா படிப்பு எங்கள் ஊரில் அந்த இறையியல் கல்லூரியில் மட்டும்தான் இருந்தது.

"கூட உக்காந்து பேசறதுக்கு எதுக்கு சாமிப் படிப்பு?" என்றார் அப்பா.

"பாதி மனநலம், ஆஸ்பத்திரிப் பயிற்சி. பாதி மறைநூல். வேற இடத்துல இருந்தா அங்க போயிருப்பேன்..." அம்மா நிறுத்தினாள். "இல்ல, எதுக்குப் பொய் சொல்லணும். இங்கதான் போயிருப்பேன். மறைநூலை ஒருதரம் ஒழுங்கா, கேள்வி கேட்டுப் படிக்கணும்னு எனக்கு ஆசை."

அப்பா திரும்பிப் போய் மீதி முகத்தைச் சவரம் செய்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கேள்வி கேட்டுப் படிக்கணும்னு சொன்ன பாரு, அது நல்லா இருக்கு. படி," என்றார்.

வயது வந்தவர்கள் மறுபடி படிக்கப் போனால் கட்டணத்தை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று அப்போது நடப்பில் இருந்தது. அம்மா அதற்கு விண்ணப்பித்தாள். பதில் வந்த அன்று மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். அம்மாவின் கை மாவாக இருந்ததால் நான்தான் பிரித்துப் படித்தேன். மதப் பணிக்கான பயிற்சிக்குப் பொதுப்பணம் வழங்க விதியில் இடமில்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

நான் படித்து முடித்ததும் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். திட்டம் தொடங்கிய காலத்தில் நகர மன்றத்தில் மக்கள் கருத்துக் கேட்டார்கள். முதல் வரைவில் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்ற வரையறையே இல்லை. சங்கத்தின் சார்பில் அப்பா எழுந்தார். "பஸ்ஸுல வர்றவங்க எல்லாருக்கும் நான் டிரைவர். நம்புறவனும் டிக்கெட் எடுக்கறான், நம்பாதவனும் எடுக்கறான். அவன் காசுல இவன் சாமியாருக்குப் படிக்கலாமா?" என்று கேட்டார். அதற்கு வந்த கைத்தட்டலைப் பற்றி டிப்போவில் இன்றைக்கும் பேசுவார்கள். அடுத்த வரைவில் இந்த விதி சேர்ந்துவிட்டது.

"சாமியார் ஆகப் போறவங்களுக்குத்தான் அந்த விதின்னு நெனச்சேன்," என்றாள் அம்மா. "நமக்கும் சேர்த்துத்தான் போல."

அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மைக்செட் வாயைத் திறக்காத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. குழாயில் தண்ணீர் சொட்டுவதெல்லாம் கேட்டது.

மூன்றாம் நாள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மாமா அப்பாவுக்கு நேர் எதிர். கடையைத் திறக்குமுன் பிரார்த்தனை, மூடுமுன் பிரார்த்தனை. இருவரும் பார்த்துக்கொண்டால் வாக்குவாதம். பார்த்துக்கொள்ளாவிட்டால், "என்ன மச்சானை ரெண்டு வாரமா காணோம், ஒடம்புக்கு ஏதாவதா?" என்று அப்பாவே அம்மாவைப் போன் செய்யச் சொல்வார்.

மாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "என்ன மாப்பிள்ள, அன்னிக்கு நீங்க பேசின பேச்சு இன்னிக்கும் நல்லா வேலை செய்யுது போலிருக்கே!"

அப்பாவின் காது சிவந்தது. வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு மணி நேரப் பதில் கிடைத்திருக்கும்.

"சரி விடுங்க. பாப்பா படிப்புக்கு முழுசா நான் கட்டறேன்," என்றார் மாமா. அம்மாவுக்கு ஐம்பது வயதாகப் போகிறது. மாமாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். "நம்ம கோயில் காலேஜு. நான் கட்டாம வேற யாரு கட்டுவா?"

"வேணாம்ண்ணா," என்றாள் அம்மா.

"ஏன் வேணாம்?"

"நீங்க கட்டினா தினம் சாயங்காலம் உங்க கடைக்கு வந்து என்ன படிச்சேன்னு ஒப்பிக்கணும். நான் ஒரு அர்த்தம் சொன்னா நீங்க வேற அர்த்தம் சொல்லுவீங்க. எனக்குப் பரீட்சை ஒண்ணு போதும்."

மாமா கோபித்துக்கொண்டது போல டீயைக் குடித்தார். உண்மையில் கோபம் இல்லை. போகும்போது அப்பாவின் தோளைத் தட்டி, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மாப்பிள்ள. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க," என்றார்.

அவர் போனபின் அம்மா பால்கனிக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். காய்ந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக அவர் தோளில் போட்டாள். அப்பா துணிக்கொடி மாதிரி அசையாமல் நின்றார்.

"ஏன் இப்படி இருக்கீங்க?"

"என் வாயால உன் படிப்பு போச்சு."

"அன்னிக்கு அந்த ஹால்ல நானும்தான் இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருந்தியா?"

"பின்வரிசைல. டூட்டி முடிச்சு நேரா வந்தேன். நீங்க பேசி முடிச்சதும் நானும் கை தட்டினேன்."

அப்பா திரும்பினார். தோளில் இருந்த துணியில் பாதி விழுந்தது. "நீயா? நீ எதுக்குத் தட்டின?"

"ஏன்னா நீங்க சொன்னது சரி. நம்பாத ஒருத்தரோட காசை வாங்கிட்டுப் போய் நான் பிரார்த்தனை பண்ணக் கத்துக்கிட்டா அது எனக்கே உறுத்தும். அந்த விதியை மாத்தச் சொல்லி நீங்க எனக்காகப் போய் நின்னீங்கன்னா, அப்பறம் உங்ககூடப் பேச மாட்டேன், பார்த்துக்குங்க."

"அப்ப படிப்பு?"

"அப்பீல் பண்ணப் போறேன். என் படிப்புல பாதி ஆஸ்பத்திரி வேலை. அது எந்த சாமிக்கும் சொந்தம் இல்ல. அதை அவங்களுக்கு எடுத்துச் சொல்லுவேன். நீங்க வரலாம், ஆனா வாயத் திறக்கக் கூடாது."

அப்பா குனிந்து துணிகளைப் பொறுக்கினார். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார்.

மேல்முறையீட்டுக் குழு உதவித்தொகை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் கூடியது. நீளமான மேசை, மங்கிய பச்சைத் திரை, சத்தம் போடும் மின்விசிறி. குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் அம்மாள் தலை நரைத்தவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். ஒருபக்கம் இளவயது வக்கீல். மறுபக்கம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். வந்ததிலிருந்து பேனாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா முன்னால் தனி நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் சுவரோரம் போட்ட பெஞ்சில். அப்பா சங்க மாநாட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

தலைவர் அம்மாள் அப்பாவையே சற்று நேரம் பார்த்தார். "நீங்க... அந்த பஸ் டிரைவர்தானே? நகர மன்றத்துல பேசினவர்?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"இவங்க உங்களுக்கு?"

அப்பா அம்மாவைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காண்பித்தார். வக்கீல் புரியாமல் முழித்தார்.

"பேசலாங்க, இந்தக் கேள்விக்கு மட்டும்," என்றாள் அம்மா.

"என் சம்சாரம்," என்றார் அப்பா. அறை முழுக்க அதிர்ந்தது. தலைமை ஆசிரியர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

தலைவர் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப நான் உங்களையே கேக்கறேன். அந்த விதி வரணும்னு கேட்டவர் நீங்க. இப்ப உங்க வீட்டுக்கே வந்திருக்கு. தளர்த்தணுமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது, நேராக இருந்தது.

"தளர்த்தக் கூடாதுங்க," என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். ஆனா இவ என்ன படிக்கிறான்னு இவகிட்ட கேளுங்க. அதைப் பத்தி எனக்கு அரைகுறையாத்தான் தெரியும்."

அம்மா பேசினாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டவரைப் பற்றிச் சொன்னாள். எந்தப் பாடத்தில் துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத் தருகிறார்கள், எந்தப் பாடத்தில் மறைநூல் என்று பிரித்துச் சொன்னாள். மறைநூல் பாடத்துக்குத் தான் பணம் கேட்கவில்லை என்பதையும் அவளே சொல்லிவிட்டாள்.

வக்கீல் இடைமறித்தார். "ஒரு சந்தேகம் மேடம். ஆஸ்பத்திரிக்கு எல்லா மாதிரி ஆளுங்களும் வருவாங்க. சாமியே வேணாங்கற ஒருத்தர்கூட நீங்க எப்படி உக்காருவீங்க? உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

அம்மா முதல் முறையாகத் திரும்பிச் சுவரோர பெஞ்சைப் பார்த்தாள். "தம்பி, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அப்படிப்பட்ட ஒருத்தரோட குடித்தனம் நடத்திட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன அனுபவம் வேணும்?"

மின்விசிறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தது அப்பாதான். வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

முடிவை அடுத்த வாரம் அனுப்பினார்கள். மனநலம், ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆகிய பாடங்களுக்கு உதவித்தொகை உண்டு. மறைநூல், வழிபாட்டுப் பாடங்களுக்கு இல்லை. அம்மாவுக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் டிப்ளமா வேண்டுமென்றால் இரண்டு பாதியையும் முடிக்க வேண்டும். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. மறைநூலை வருடம் ஒரு பாடமாக இழுத்து இழுத்துப் படிக்கலாமா என்று அம்மா யோசிக்கத் தொடங்கினாள். அப்படிப் படித்தால் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

அப்பா சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்தி வைத்தார். "அந்தப் பாதியை நான் கட்டறேன்."

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மறைநூலுக்கா? நீங்களா?"

"ஆமா. விடுமுறை நாள்ல நெடுந்தூர வண்டிக்கு ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்காங்க. பேர் குடுத்துட்டு வந்துட்டேன்."

"உங்க கொள்கை என்ன ஆகறது?"

"அது பத்திரமா இருக்கு." அப்பாவின் குரல் ஏறியது. பழைய மைக்செட் திரும்பிவிட்டது. "அரசாங்கம் குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்? வீட்டுக்காரன் குடுக்கக் கூடாதுன்னு எந்தக் கூட்டத்துல பேசினேன்? எவன் காசையும் எடுத்து நான் குடுக்கலையே. என் காசு, என் பொண்டாட்டி. இதுல கேள்வி கேக்க எவனுக்கு உரிமை இருக்கு?"

"மெதுவாங்க, கீழ் வீட்டுக்காரங்க தூங்கணும்," என்றாள் அம்மா. அவள் கண் நிறைந்திருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பதுபோலச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

டிப்போவில் விஷயம் பரவிவிட்டது. அப்பாவோடு ஒரே வண்டியில் பல வருடங்கள் கண்டக்டராக இருந்த மாமா ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைக் கண்டக்டர் மாமா என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்பாவைப் போலவே சாமி கும்பிடாதவர். அவர் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, இது அரசு உதவித்தொகை இல்ல, வீட்டுக்காரர் உதவித்தொகை. இதுக்கு நிபந்தனை எல்லாம் கடுமையா இருக்கும். காலைல டீ லேட்டானா ரத்து!" என்றார்.

முதல் தவணையை அப்பாவே நேரில் கட்டப் போனார். நானும் போனேன். கல்லூரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வழக்கம் போல எதிர்க்கடையைத் தேடினார். எதிரே கடையே இல்லை, மதில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார். பணம் கட்டும் ஜன்னலில் அவர் பெயரைக் கேட்ட குமாஸ்தா எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் கல்லூரி முதல்வரே வெளியே வந்தார். குள்ளமான, குண்டான, வெள்ளை உடுத்திய வயதான அம்மாள். செருப்பு போடவில்லை.

"நீங்கதானா அந்த டிரைவர்? எங்க பிள்ளைங்களுக்கு வர வேண்டியதை நிறுத்தினவர்?"

"ஆமாம்மா, நான்தான்."

"சரி, உள்ள வாங்க. டீ சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடலாம்."

ஒரு மணி நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது மேசையில் காலிக் கோப்பைகளும் பிஸ்கட் தட்டும் இருந்தன. அந்த அம்மாள் மேசையைத் தட்டிக்கொண்டு, "அப்ப எங்க ஆளுங்க கட்டற வரி மட்டும் இனிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அதே சத்தத்தில், "அதனாலதான் பாதிக்காவது குடுக்கறாங்க!" என்றார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். வகுப்பு முடிந்து வந்த அம்மா வராந்தாவிலேயே நின்று குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். "அடக் கடவுளே," என்று தலையில் கை வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களும் எங்கள் வீட்டில் நல்ல காலம். அம்மா வேலை முடிந்து வகுப்புக்குப் போய்விட்டு வருவாள். அப்பா பரீட்சைக்குக் கேள்வி கேட்பார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர் பத்து நிமிஷத்தில் எதிர்க்கட்சி ஆகிவிடுவார். "இந்த எடத்துல இப்படிச் சொல்றாரு, அந்த எடத்துல அதுக்கு நேர்மாறாச் சொல்றாரே, எதை நம்பறது?" என்பார். அம்மாவுக்குப் பதில் தெரியாவிட்டால் மறுநாள் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்பாள். கொஞ்ச நாளில் ஆசிரியர் பாடத்தைத் தொடங்கும் முன்பே, "நேத்து உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம். கூடப் படித்த சின்னப் பெண்கள் எல்லாம் அதற்காகக் காத்திருப்பார்களாம். அப்பா இதைக் கேட்டு அடக்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டார். அந்த மாதம் முழுக்க நெடுந்தூர வண்டியின் அலுப்பே அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்கடை மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "முப்பது வருஷமா நான் சொல்லி ஒரு பக்கம் படிச்சாரா? இப்ப பாரு, எனக்கே மேற்கோள் காட்டறாரு. அதுவும் தப்பில்லாம!" என்று என்னிடம் புலம்பினார்.

அம்மா தேறினாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்த வேலையும் கிடைத்தது. எக்ஸ்ரே அறையில் இருந்தவர்கள் ஒரு மேசை விளக்கு வாங்கிக் கொடுத்து மேல்மாடிக்கு அனுப்பிவைத்தார்கள்.

அந்த வருடம் கண்டக்டர் மாமாவை அங்கே சேர்த்தோம். நுரையீரல். ரொம்ப முற்றிய பிறகுதான் தெரிந்தது. டாக்டர் எங்களிடம் பேசிய விதத்திலேயே புரிந்துவிட்டது.

அப்பா தினமும் டூட்டி முடித்து வந்துவிடுவார். மாமா ஒருநாள் அவரிடம், "தங்கச்சியை வரச் சொல்லு. உன்னோட இருந்தா நீ அழற. எனக்குப் பேச ஆள் வேணும்," என்றார். அப்பா வராந்தாவில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"போறது சரி. ஆனா அவன் கடைசிவரைக்கும் சாமி கும்பிடாதவன். இந்த நேரத்துல போய் அவன்கிட்ட..."

"வாங்க, நீங்களும் வந்து உக்காருங்க," என்று மட்டும் சொன்னாள் அம்மா.

மாலை நேரம். ஜன்னல் பக்கத்துக் கட்டில். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மாமாவின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். சற்று நேரம் கழித்து மாமா, "பயமா இருக்கு தங்கச்சி," என்றார்.

"ம்."

"நல்லாகிடும்னு சொல்ல மாட்டியா?"

"சொல்லணுமாண்ணா?"

"வேணாம். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கண்ணை மூடினா வண்டி ஓடற மாதிரியே இருக்கு. கூட்டம் ஏறுது, எறங்குது. எந்த ஸ்டாப்புன்னுதான் தெரிய மாட்டேங்குது."

"எங்க இருந்து கெளம்பினீங்க?"

"டிப்போல இருந்துதான்."

"அடுத்தது?"

"தண்ணித்தொட்டி." மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அப்பறம் மார்க்கெட். மார்க்கெட்டுல கூடையோட ஏறுவாங்க, சண்டை போடணும். அப்பறம் பள்ளிக்கூடம்... மில் கேட்டு... அப்பறம்..." அவர் நெற்றி சுருங்கியது. கை போர்வையைத் தேடியது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த ஸ்டாப் தெரியாது.

"தீயணைப்பு நிலையம்," என்றது அப்பாவின் குரல். கட்டிலின் அந்தப் பக்கம் எப்போது வந்து உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"ஆமா, தீயணைப்பு நிலையம்," என்றார் மாமா. "அங்க யாருமே ஏற மாட்டாங்க. நீ நிறுத்தாமப் போவ."

"நீ விசில் குடுக்க மாட்ட, நான் எதுக்கு நிறுத்தணும்?"

மாமா சிரித்தார். இருமல் வந்தது. அடங்கிய பிறகு மேலே சொன்னார். கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பினார்கள் இரண்டு பேரும். யார் எங்கே ஏறுவார்கள், எந்தத் திருப்பத்தில் ஆடும், எங்கே டீ நன்றாக இருக்கும். அம்மா இடையிடையே, "அப்பறம்?" என்று மட்டும் கேட்டாள். திரும்பும் வழியில் பாலம் வரும் முன் மாமா தூங்கிப்போனார். அதற்கு அடுத்த வாரம்தான் அவர் போனார். அதுவரை தினம் ஒரு ட்ரிப் இருந்தது.

அந்த முதல் நாள் மாலை மூவரும் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா காலை நீட்டிக்கொண்டாள். அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"நீ சாமி பேரையே எடுக்கலையே," என்றார்.

"அவரு கேக்கலையே."

"மனசுக்குள்ள?"

"அது என் இஷ்டம்."

அப்பா அதை யோசித்தார். பிறகு அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "அந்தப் பாடம் என் பாதியா, அரசாங்கப் பாதியா?"

"எந்தப் பாடம்?"

"உள்ள இப்ப நீ பண்ணினது."

"தெரியலைங்க," என்றாள் அம்மா. "ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் வந்துது." எழுந்து என் கையைப் பிடித்தாள். "வாங்க, கேன்டீன் மூடறதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம்."

அப்பா எங்களுக்கு முன்னால் நடந்துபோய் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.